ஓசைக்கு அஞ்சும் குழந்தை

அடுக்களையில் குக்கர் ஊதுகிறது. நமக்கு அது சமையல் ஆகிவருவதன் அறிகுறி. ஆட்டிசம் உள்ள குழந்தை ஒன்றுக்கோ அவ்வோசையே தாங்கொணா வேதனையாக இருத்தல் கூடும். காதுகளைப் பொத்திக்கொண்டு அலறும் அக்குழந்தையை நாம் பிடிவாதம் என்று கடிந்து கொள்கிறோம். அது பிழையாகும்.

ஓசையை ஏற்பது செவி. வேண்டியதைக் கொண்டு வேண்டாததை ஒதுக்குவது மூளை. இவ்வொதுக்கும் வேலை சில குழந்தைகளிடம் செவ்வனே நடைபெறுவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட கையேடு, புலன்களின் இத்தகைய மிகையுணர்ச்சியையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

முதற்கண், செவி மருத்துவரிடம் காட்டுதல் நலம். செவித்திறன் குறைந்த குழந்தைக்கும் உரத்த ஓசை வேதனை தருவதுண்டு. பின்னர், எவ்வோசை எவ்வேளையில் குழந்தையை வருத்துகிறது என்பதை ஒரு வாரம் குறித்து வைப்போம்.

எதிர்பாராத ஓசையே பெரிதும் அச்சுறுத்துவது. ஆதலின் முன்னறிவிப்பே முதல் மருந்து. “இப்பொழுது மிக்ஸி ஓடப்போகிறது” என்று சொல்லலாம். சொற்கள் எட்டாத குழந்தைக்கு அதன் படத்தைக் காட்டலாம். நம் துணையுடன் அதன் விசையைக் குழந்தையே போடட்டும்; தன் கையால் எழுப்பித் தன் கையால் நிறுத்தும் ஓசையிடம் அச்சம் குறையும். அவ்வோசையைப் பதிவு செய்து, குழந்தை விளையாடும் வேளையில் மிக மெல்லக் கேட்பித்து, நாளடைவில் சிறிது சிறிதாக உயர்த்தலாம். முகம் வாடினால் அன்றைக்கு நிறுத்திவிடுதல் வேண்டும். இதனைப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் வழிகாட்டலில் செய்வது சிறப்பு.

திருவிழாக் கூட்டத்தில் காதுறை அணிவிக்கலாம். நாள் முழுதும் அணிவித்தலோ தீங்காகும்; அமைதிக்கே பழகிய செவிக்குச் சிற்றொலியும் பேரொலியாகிவிடும்.

வீட்டுக்கு வெளியே சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. எனினும் பண்டிகை நாட்களில், ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை மாநில அரசு இதனைத் தளர்த்தலாம். அத்தகைய இரவுகளிலே குழந்தையைக் காக்க வேண்டியவர்கள் அண்டை வீட்டாராகிய நாமே. வெடிக்குத் தீ வைக்கும் முன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி ஒரு சொல் சொல்லிவிடுவோம். அதற்குச் செலவு ஏதுமில்லை. குழந்தைக்கோ அது பேருதவியாகும்.