பசுவின் மடிவீக்கம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கிராமங்களில் தொழிற்சாலை வேலைக்குச் செல்வோர் வீடுகளில், கம்பெனி பஸ் வரும் நேரத்தை அநுசரித்தே பசுவைக் கறக்க நேருகிறது. அவசரத்தில் மடியில் பால் மிஞ்சும். ஷிப்டு மாறினால் கறக்கும் வேளையும் மாறும். மடிவீக்கத்துக்கு இவை இடங்கொடுப்பனவாம்.

காம்பு நுனியின் துவாரம் வழியே கிருமிகள் உட்புகுவதால் இவ்வியாதி உண்டாகிறது. திருஷ்டி என்று சுற்றிப்போட்டு இரண்டு நாளைப் போக்குவோர் இன்றும் உளர். அதற்குள் ஒரு காம்பு அடியோடு வற்றிப்போகவுங்கூடும். மடி வீங்கிச் சூடு காணும்வரை காத்திராமல், வேளைதோறும் ஒவ்வொரு காம்பிலும் முதற் பாலைச் சிறிது கறுப்புத் துணியிற் பீச்சிப் பார்த்தல் வேண்டும். திரியோ, நீர்த்த பாலோ தென்படின் அன்றே 1962 என்ற எண்ணுக்குப் பேசிக் கால்நடை வைத்தியரை அழைப்பது உத்தமம்.

தேசிய பால்வள அபிவிருத்தி வாரியம் பரப்பிவரும் மேற்பூச்சு எளிது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து, பாலை முற்றும் கறந்து மடியைக் கழுவியபின், நீரிற் கரைத்துத் தினம் பத்து முறை, ஐந்து நாள் பூசுதல். ஜுரம் கண்ட பசுவுக்கு இதுமட்டும் போதாது. வைத்தியர் குறித்த ஊசியை, வீக்கம் வடிந்ததென்று நடுவில் நிறுத்துவது பெரும் பிசகு. மருந்து நாட்களிலும், அதன்பின் அவர் சொல்லும் நாள்வரையிலும் அப்பாலைச் சங்கத்துக்கு ஊற்றலாகாது.

கறந்தவுடன் காம்புத்துவாரம் திறந்தே இருக்கும். ஆகையால் பசு சாணத்தில் படுத்துவிடாதபடி, அரை மணி நேரம் தீனி வைத்து நிறுத்துதல் வேண்டும்.