டப்பாவில் தாய்ப்பால் சர்க்கரை

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குக் காட்டாக்கடை, பாறசாலைப் பக்கம் வரும் பிள்ளைகளின் பெட்டியில் குழந்தைப் பால் பவுடர் டப்பாவும் இருப்பதுண்டு. சில டப்பாக்களில் இப்போது 'எச்.எம்.ஓ.' என்று அச்சிட்டிருக்கிறார்கள். தாய்ப்பாலில் மட்டுமே தாராளமாக உள்ள ஒருவகைச் சர்க்கரைகளுக்கு அது சுருக்கப் பெயர். அப்படியானால் தாய்ப்பாலும் பவுடரும் ஒன்றுதானா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

தாய்ப்பாலின் திடப்பொருள்களில் லாக்டோஸ், கொழுப்பு இவற்றுக்கு அடுத்தபடியாக நிற்பவை இச்சர்க்கரைகள். 150-க்கு மேற்பட்ட வகைகளைக் கண்டறிந்துள்ளனர். வேடிக்கை என்னவென்றால், குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது! குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கே இவை ஆகாரம். அவை பெருகினால் நோய்க்கிருமிகளுக்கு இடம் குறையும். பசும்பாலில் இவை மிகச் சொற்பம்.

இதைத் தொழிற்சாலையில் எப்படிச் செய்கிறார்கள்? நம் பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் நுண்ணுயிர்கள் பதநீரைக் கள்ளாக்கிவிடும். அங்கே அவை தம் இஷ்டப்படி வேலை செய்கின்றன. இங்கே வேலையை நாம் மாற்றிக் கொடுக்கிறோம். ஈ. கோலி பாக்டீரியாவில் தீங்கற்ற ஒரு வகையை எடுத்து, லாக்டோஸைத் தின்னவைக்கும் மரபணுவை நீக்குகிறார்கள். ரயில்வேயில் ஒரு பாதையை அடைத்து வண்டியை அடுத்த பாதையில் திருப்புவதைப் போலத்தான். பிறகு, லாக்டோஸோடு ஃபியூகோஸ் என்ற இன்னொரு சர்க்கரையை ஒட்டவைக்கும் மரபணுவைச் சேர்க்கிறார்கள். பெரிய எஃகுத் தொட்டிகளில் வளர்த்து, பாக்டீரியாவை வடிகட்டி அகற்றி, எஞ்சியதைச் சுத்தம் செய்து உலர்த்தினால் வெள்ளைத் தூள் கிடைக்கிறது. அமெரிக்காவில் 2016-ல் இது சேர்த்த பால் பவுடர் விற்பனைக்கு வந்தது. பாக்டீரியா என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 1982-ல் அங்கே அனுமதி பெற்ற மனித இன்சுலினும் ஈ. கோலி செய்து கொடுத்ததே.

ஆக, தூள் போலியல்ல. தாய்ப்பாலில் உள்ள அதே பொருள்தான். ஆனால் 150-க்கு மேற்பட்டவற்றில் டப்பாவில் இருப்பது ஒன்றோ, சிலவோதான். தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்களும் உயிருள்ள அணுக்களும் அதில் கிடையா. பால் போதாத தாய்க்கு டாக்டர் சொன்னால் பவுடர் கொடுக்கலாம். அதில் குற்றவுணர்வு வேண்டாம். டப்பாவின் மூன்றெழுத்தை நம்பித் தாய்ப்பாலை நிறுத்துவதுதான் கூடாது. பால் பவுடர் விளம்பரத்தை நம் நாட்டில் 1992-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. பிற தாய்மார் தானமாகத் தரும் பாலைச் சோதித்து, சூடேற்றிக் கிருமி நீக்கி வழங்கும் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. கேரளத்தில் எர்ணாகுளம் பொது மருத்துவமனையில் 2021-ல் வந்தது. குறைமாதப் பிரசவம் ஆனால், இப்படி ஒரு வங்கி அருகில் உண்டா என்று டாக்டரிடம் முதலிலேயே கேளுங்கள்.