அறை வாடகை யாருக்குப் போகிறது?

எட்டாம் வகுப்பில் 'காடுகளைப் பாதுகாப்போம்' என்று கரும்பலகையில் எழுதித் திரும்பியபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்போ எங்க மாடு எங்க சார் மேயும்?"

கேட்டவன் வீட்டில் மலைமாடுகள் வைத்திருக்கிறார்கள். 2021இல் மேகமலை, திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. மறு ஆண்டே புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்களில் கால்நடை மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. "பிறகு பேசலாம்" என்று மணியடிக்கும்வரை சமாளித்தேன்.

அந்தக் கேள்வியோடுதான் காலாண்டு விடுமுறையில் தேக்கடியில் இரண்டு நாள் தங்கினேன். லோயர் கேம்ப் தாண்டிப் பேருந்து மலையேறும்போதே காற்றின் ஈரம் மாறிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. அதனால் அங்கே பசுமைமாறாக் காடு, நம் பக்கம் கரடும் முட்செடியும். மழைமறைவுப் பகுதியை விளக்க இதைவிட நல்ல படம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த மழையைத்தான் முல்லைப் பெரியாறு அணை 1895 முதல் நம் வயலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

தங்கியது வனத்துறையின் மூங்கில் குடிலில். இரவு முழுக்கக் கூரையில் மழை. காலையில் காட்டுக்குள் நடந்தபோது சிங்கவால் குரங்கைத் தேடினேன். கிடைத்தது காலில் இரண்டு அட்டைகள்தாம்.

குமுளியில் திரும்பிய பக்கமெல்லாம் 'சூழல் விடுதி' என்று பலகை தொங்குகிறது. சூரிய மின்தகடு வைத்து, பிளாஸ்டிக் பாட்டிலை விலக்கினால் போதும், அந்தப் பெயரை மாட்டிவிடலாம் போல. ஆனால் அது பாதிதான். விடுதியில் நாம் கொடுக்கும் பணம் யாருக்குப் போகிறது, அதனால் காட்டில் எந்தச் சேதம் நிற்கிறது என்பதே உண்மையான சோதனை.

பெரியாறு புலிகள் காப்பகம் இதற்கு நல்ல உதாரணம். 1996இல் உலக வங்கி உதவியோடு இந்தியாவில் 7 காப்பகங்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அவற்றுள் பெரியாறும் ஒன்று. அப்போது இந்தக் காட்டில் வயணம் என்னும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்துக் கடத்தும் கூட்டங்கள் இருந்தன. பட்டை உரிந்த மரம் பட்டுப்போகும். அப்படிக் கடத்தியவர்களில் 20க்கும் மேற்பட்டோர் 1998 வாக்கில் வனத்துறையோடு உடன்பாட்டுக்கு வந்து, சூழல் மேம்பாட்டுக் குழுவாகச் சேர்ந்தார்கள். யானைத் தடமும் ஒற்றையடிப் பாதையும் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போய்க் கூடாரத்தில் தங்கவைக்கும் வழிகாட்டிகளாகிவிட்டார்கள். நடக்கும்போதே கண்ணி, புகை, வெட்டுத் தடம் ஆகியவற்றையும் கவனிக்கிறார்கள். சுற்றுலாவும் ரோந்தும் ஒரே நடையில் முடிகின்றன! வருமானத்தைக் காப்பகத்துக்கும் மக்களுக்குமே திருப்ப 2004இல் பெரியாறு அறக்கட்டளை அமைந்தது. எல்லாப் புலிகள் காப்பகங்களுக்கும் இத்தகைய அறக்கட்டளை வேண்டும் என்று 2006இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே திருத்தப்பட்டது.

நான் தேடிப்போன பதிலின் ஒரு துண்டும் அங்கே இருந்தது. காப்பகத்துக்குள் மாடு மேய்த்துவந்த தமிழகப் பக்கத்து மேய்ச்சல்காரர்களும் ஒரு குழுவானார்கள். பயணிகளை மாட்டுவண்டியில் ஏற்றி, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களையும் தோட்டங்களையும் காட்டுவது அவர்கள் பணி. காட்டை நெருக்கிய மாடு, காட்டுக்கு வெளியே சோறு போட்டது.

எனக்கு இதில் ஒரு தயக்கமும் உண்டு. கொரோனாவில் பயணிகள் வராதபோது இப்படிப்பட்ட பிழைப்பு அப்படியே நின்றது. மரப்பட்டைக்கு மாற்று வழிகாட்டி வேலை என்றால் கணக்கு நேராகிறது. மந்தைக்கு அப்படி ஆகுமா?

பள்ளி திறந்ததும் வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டான். பிறகு எழுந்து, "ஒரு வண்டிக்கு ரெண்டு மாடு போதும் சார். எங்ககிட்ட நாப்பது இருக்கு" என்றான்.

அந்தக் கணக்கை அப்படியே கரும்பலகையில் எழுதினோம். மீதி 38 மாடுகளுக்கு என்ன வழி? தீவனப் புல், ஊர்ப் பொதுநிலம், சாணம் விற்பனை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒவ்வொன்றிலும் அவன் ஒரு குறை கண்டான், பெரும்பாலும் சரியாகவே. அடுத்த வெள்ளிக்கிழமை அவனுடைய தாத்தா வகுப்புக்கு வருகிறார். கேள்விகளை மாணவர்களே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.