பழைய வள்ளம் வாங்கலாமா?

கரையோர ஊர்களில் இக்காட்சியைக் காணாதார் இரார். பனையடியில் ஒரு வள்ளம் கிடக்கிறது. உடையவர் தொழிலை விட்டுவிட்டார். அல்லது வேறு வள்ளம் எடுத்துவிட்டார். "கிடக்கிற விலைக்குத் தருகிறேன், எடுத்துக்கொள் தம்பி" என்கிறார். கேட்டு நிற்பவனோ பிறர் வள்ளத்திற் சென்று, வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று போக எஞ்சியதைக் கொண்டு வாழ்பவன். மனைவியின் காப்பை அடகு வைத்தால் அந்தப் பணம் கைக்கு வந்துவிடும். வாங்கலாமா, விடலாமா? நேயர்களே, இவ்விடயத்தில் அறிவுரை கூற வருவோர் கடற்கரையிற் பலர். அவருள் அரைவாசிப் பேர் விற்பவருக்கு உறவினர். ஆகவே, வாங்குபவன் தானே பார்த்துத் தேறக்கூடிய சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் விலையைப் பற்றிய மயக்கம் நீங்க வேண்டும். அத்தகைய புதிய வள்ளம் ஒன்றின் விலையை 100 எனக் கொள்வோம். பழையதை 30-க்குத் தருகிறார். பலகை, ஆணி, பூச்சு, கூலி என்பவற்றுக்கு 40 செல்லும். திருத்தி முடியும் வரை வள்ளம் கரையிற் கிடப்பதால் இழக்கும் உழைப்பு 15. ஆக, 85 கொடுத்து ஒரு பழைய வள்ளத்தை வாங்கியவனாகிறான். விலை பேசுமுன் இக்கணக்கை எழுதிப் பாராதவன் மலிவென்று எண்ணியே கடனாளியாவான்.

இனி, பழமை வேறு, பழுது வேறு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கியபோது அது புதிதன்று. முன்னரே கடலில் உழைத்த கப்பல். ஆயினும் நம்மூர் மாலுமிகளோடு பெருங்கடல்களைக் கடந்து, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. எனவே எத்தனை வயது என்று கேட்பதிலும், எங்கே பழுது என்று கேட்பதே பயன் தரும்.

மரவள்ளமாயின், பழுது எங்கே ஒளிந்திருக்கும்? உப்புநீர் மரத்தைக் கெடுக்கும் என்பது பலர் எண்ணம். உண்மையில் மரத்தை உளுக்கச் செய்வதில் மழைநீரே முந்தியது. மல்லாந்து கிடந்த வள்ளத்தில் மாரிமழை தேங்கி, அணியத்தின் மூலைகளிலும், கடையாரின் அடியிலும், வங்குகள் பலகையோடு சேரும் இடுக்குகளிலும் ஊறிக்கொண்டிருக்கும். முதலில் அங்கேயே சென்று ஒரு கூரிய ஊசியாலோ சிறு கத்தி முனையாலோ அழுத்திப் பார்த்தல் வேண்டும். நல்ல மரம் முனையைத் தடுக்கும். உளுத்த மரம் பாணைப்போல் இடங்கொடுக்கும். சிறு சுத்தியலால் தட்டிச் சென்றால் நல்ல இடத்தில் ஓசை கணீரென எழும். கெட்ட இடத்தில் பொத்தென்று அடங்கும். வர்ணத்தின் பளபளப்பைக் கண்டு மயங்குவோர் இந்த ஓசையைக் கேட்பதில்லை. விற்பதற்கு முதல் வாரம் பூசிய தாரும், உட்புறத்தில் அப்பிய சீமெந்தும் என்னைப் பொறுத்தவரை விற்பவரின் வாக்குமூலங்களே.

மரந்துளைக்கும் கடற்புழுவோ இதனினும் வஞ்சகமானது. பெயரிற் புழுவாயினும் அது சிப்பியினத்தைச் சேர்ந்த உயிர். குஞ்சாக நீந்தி வந்து, குண்டூசித் தலையளவு துளையிட்டு உட்புகும். பின்பு மரத்தினுள்ளேயே வளர்ந்து, நார்வழியே நெடுகக் குடைந்து செல்லும். மேலே பலகை முழுமையாகத் தோன்றும். உள்ளே தேன்கூடுபோல் இருக்கும். நெடுநாள் நீரிலேயே கட்டிக் கிடந்த வள்ளமெனின், நீர்மட்டத்துக்குக் கீழுள்ள பலகைகளையும் ஏராவையும் அணுவணுவாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஆணி. இரும்பாணி துருவேறும்போது தானும் தேய்ந்து, சூழ்ந்துள்ள மரத்தையும் கறுப்பாக்கி மென்மையாக்கும். உடையவரின் அனுமதியோடு ஓரிரண்டு ஆணிகளைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் நூலாய் மெலிந்திருந்தால் வள்ளம் முழுவதற்கும் அக்கதியே எனக் கொள்ளலாம்.

இவற்றுள் எது திருந்தும், எது திருந்தாது? பலகை இரண்டு மூன்று கெட்டால் மாற்றலாம். வெயிலிற் காய்ந்து பொருத்துகள் விரிந்திருப்பது பெருங்குறையன்று. கலப்பற்றி நீரில் விட்டால் பலகை ஊதிப் பொருந்திவிடும். ஆனால் ஏரா உளுத்திருந்தாலோ, பின்னின்று பார்க்கையில் அது முதுகுபோல் வளைந்திருந்தாலோ, வங்குகள் பலவும் ஆணிவழியே பிளந்திருந்தாலோ, அது திருத்த வேண்டிய வள்ளமன்று; புதிதாகக் கட்ட வேண்டிய வள்ளம். இதில் ஐயம் எழுந்தால், விற்பவர் அழைத்து வரும் ஓடாவியாரைத் தவிர்த்து, அயலூர் ஓடாவியார் ஒருவருக்கு அரைநாட் கூலி கொடுத்துக் காட்டுங்கள். அக்கூலி வீணாவதில்லை.

இன்று கரைகளிற் பெரும்பாலும் கிடப்பவை பைபர் வள்ளங்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் அவை பெருந்தொகையாகக் கட்டி வழங்கப்பட்டன. அவசரத்திற் கட்டியவற்றுள் தரங்குறைந்தனவும் கலந்திருந்தன. பைபர் உளுக்காது என்பர். நாரிழை உளுக்காதுதான், அதனுள் வைத்து மூடிய பலகை உளுக்கும். எஞ்சின் பூட்டும் பின்பலகையே அதற்கு முதலிடம். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். பின்புறம் நெளிந்தாலும், ஆணித்துளையிற் கறுத்த நீர் கசிந்தாலும் உள்ளே மரம் கூழாயிற்று. அடிப்புறத்தில் நாணயத்தால் தட்டினால் படைபிரிந்த இடம் பொள்ளலோசை தரும்.

எஞ்சினைப் பற்றி ஒன்று. அதனைக் குளிர்ந்த நிலையில் உங்கள் முன்னே இயக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின் எவருக்கும் இணங்கும். குளிர்ச்சிநீர் தாரையாக வெளிவருகிறதா என்று நோக்குங்கள். வராவிடின் உப்பு வழியை அடைத்திருக்கக் கூடும்.

கடைசிச் சோதனை கடலிலேயே. மரவள்ளத்தை முதலில் இரண்டு நாள் நீரில் ஊறவிடுங்கள். பின் நீரை இறைத்து, ஒரு நேரத்தைக் குறித்து, மீண்டும் எவ்வளவு ஊறுகிறது என்று பார்த்த பின்னரே வெளியே ஓட்டுங்கள். விற்பவரையும் உடன் ஏற்றிக்கொள்ளுங்கள். தம் வள்ளத்தில் ஏற அவரே தயங்கினால் பேச்சு அத்துடன் முடிந்தது. கடற்றொழிற் திணைக்களத்தின் பதிவிலக்கமும் வள்ளத்தில் எழுதியுள்ள இலக்கமும் ஒன்றா என்பதையும், பெயர்மாற்றத்துக்கு உடையவர் ஒப்பமிடுவாரா என்பதையும் பணம் கைமாறுமுன் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பின் வள்ளம் தேறாவிட்டாலும் எஞ்சின் தேறலாம். அப்போது எஞ்சினுக்கு மட்டும் விலை கேளுங்கள், பலர் கொடுப்பர். வள்ளமும் தேறி வாங்கினீராயின், முதற் சில வாரங்கள் கரை தெரியும் தூரத்திலேயே வலை விடுங்கள். இறைப்பதற்கு ஒன்றுக்கு இரண்டு வாளியும், ஏறுபவர் ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்காப்பு அங்கியும் இருக்கட்டும். வாடைக்காற்று எழும் மாதங்களில் அதனைக் கரையேற்றி, மழைநீர் தேங்காதவாறு கவிழ்த்து வைத்து, கீழே இரண்டு குற்றிகள் கொடுத்துக் காற்றோட விடுங்கள்.