ஒரே தலைப்பு, வெவ்வேறு கதை: திரைப்படப் பெயர்களுக்குப் பதிப்புரிமை உண்டா?

'கோல்மால்' என்ற பெயரில் 27 ஆண்டு இடைவெளியில் இரு இந்தி நகைச்சுவைப் படங்கள் வெளிவந்துள்ளன. கதை, கதாபாத்திரங்கள், இயக்குநர் என எதிலும் இரண்டுக்கும் தொடர்பில்லை. ஒரு படத்தின் பெயரை மற்றொருவர் பயன்படுத்த முடிவது எப்படி? சட்டம் கூறுவது என்ன?

இரண்டு 'கோல்மால்'

ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கத்தில் அமோல் பாலேகர், உத்பல் தத் நடித்த 'கோல்மால்' 1979-இல் வெளியானது. வேலையைத் தக்கவைக்க, தனக்கு மீசையில்லாத இரட்டைச் சகோதரன் இருப்பதாகப் பொய் சொல்லும் இளைஞனின் கதை அது. தமிழில் கே.பாலசந்தர் இயக்க, ரஜினிகாந்த் நடிப்பில் 1981-இல் வெளியான 'தில்லு முல்லு' இதன் மறுஆக்கமே.

ரோஹித் ஷெட்டி 2006-இல் இயக்கிய 'கோல்மால்: ஃபன் அன்லிமிடெட்', பார்வையற்ற முதிய தம்பதியின் வீட்டில் தங்கும் நான்கு இளைஞர்களைப் பற்றியது. 2008, 2010, 2017 ஆண்டுகளில் வந்த 'கோல்மால்' படங்கள் இதன் வரிசையில் அமைந்தவை.

இதில் ஒரு சுவையான முரண் உண்டு. 1979-ஆம் ஆண்டுப் படத்தின் கதையைத் தழுவி, 2012-இல் 'போல் பச்சன்' படத்தை இயக்கியவரும் ரோஹித் ஷெட்டிதான். முதலில் கதையின்றிப் பெயர் வந்தது. பிறகு பெயரின்றிக் கதை வந்தது.

'ஹேரா ஃபேரி'யும் 'கூலி நம்பர் 1'-உம்

பிரகாஷ் மெஹ்ரா இயக்கத்தில் அமிதாப் பச்சன், வினோத் கன்னா நடித்த 'ஹேரா ஃபேரி' 1976-இல் வெளியானது. 2000-இல் பிரியதர்ஷன் இயக்கிய 'ஹேரா ஃபேரி', 1989-ஆம் ஆண்டு மலையாளப் படமான 'ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்'கின் மறுஆக்கம். அதே மலையாளக் கதை 1990-இல் தமிழில் 'அரங்கேற்ற வேளை' ஆனது.

'கூலி நம்பர் 1' சற்றே சிக்கலானது. 1991-இல் வெங்கடேஷ் நடித்த தெலுங்குப் படத்துக்கும், 1995-இல் கோவிந்தா நடித்த இந்திப் படத்துக்கும் பெயர் மட்டுமே பொது. இந்திப் படம் 'சின்ன மாப்ளே' என்ற தமிழ்ப் படத்தின் மறுஆக்கம். ஆனால், 2020-இல் அதே பெயரில் வெளியான இந்திப் படம் 1995-ஆம் ஆண்டுப் படத்தையே மீண்டும் எடுத்தது. ஆகவே, பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து உறவை முடிவு செய்ய இயலாது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

அக்ஷய் குமார், ஜான் ஆபிரகாம் நடித்த நகைச்சுவைப் படமான 'தேசி பாய்ஸ்' 2011-இல் வெளியானது. இதே பெயரில் 2008-இல் கதைச் சுருக்கம் எழுதிப் பதிவு செய்திருந்த ஒருவர், தலைப்பு எடுத்தாளப்பட்டதாகக் குற்றவியல் புகார் அளித்தார். வழக்கை ரத்து செய்ய மும்பை உயர் நீதிமன்றம் மறுத்த நிலையில், விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

தலைப்பு மட்டுமே தனித்த படைப்பு ஆகாது என்றும், அதற்குப் பதிப்புரிமை இல்லை என்றும் 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, வழக்கை ரத்து செய்தது. கதை, திரைக்கதை, வசனம் ஆகியவற்றுக்கே பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. அன்றாட வழக்கிலுள்ள ஓரிரு சொற்களை ஒருவர் மட்டுமே உரிமை கொண்டாட அனுமதித்தால், பிறர் அச்சொற்களைப் பயன்படுத்த இயலாத நிலை உருவாகும்.

தயாரிப்பாளர்களுக்கு என்ன பாதுகாப்பு?

தயாரிப்பாளர் சங்கங்கள் தலைப்புகளைப் பதிவு செய்கின்றன. ஒரே நேரத்தில் இரு படங்கள் ஒரே பெயரில் வருவதைத் தவிர்க்கத் திரைத்துறை தனக்குள் செய்துகொண்ட ஏற்பாடு இது. இப்பதிவு பதிப்புரிமை ஆகாது.

வணிகக் குறியீட்டுச் சட்டம் மற்றொரு வழி. தொடர் படங்களின் பெயரை வணிகக் குறியீடாகப் பதிவு செய்யலாம். தனிப் படம் எனில், அப்பெயரைக் கேட்டதுமே மக்களுக்குக் குறிப்பிட்ட அந்தப் படம் நினைவுக்கு வருமளவு அது புகழ்பெற்றிருப்பதை நிறுவ வேண்டும்.

எழுத்தாளர்களுக்கு இதிலுள்ள செய்தி தெளிவானது: நல்ல தலைப்பைப் பதிவு செய்வதால் மட்டும் பாதுகாப்பு கிடைக்காது, கதையை முழுமையாக எழுதிப் பதிவு செய்வதே பயன் தரும். ரசிகர்களோ, படத்தைத் தேடும்போது பெயருடன் வெளியான ஆண்டையும் இயக்குநரையும் சரிபார்ப்பது நல்லது.