திண்ணைக்கு வந்தவர் வீட்டுக்குள் வருவாரா?

திரையின் ஓரத்தில் விரலை வைத்து இழுத்தால் பாக்கெட் கிழிகிறது. உள்ளே ஐந்து அட்டைகள். 12 மணி நேரம் காத்திருந்தால் இன்னொரு பாக்கெட் இலவசம். 2024 அக்டோபர் 30 அன்று வெளிவந்த ‘போக்கிமான் டிசிஜி பாக்கெட்’ என்ற செல்பேசி விளையாட்டு இது. நான்கே மாதத்தில் 10 கோடி பதிவிறக்கங்களை எட்டியது.

இதன் மூலமான காகித அட்டை விளையாட்டு ஜப்பானில் 1996 முதல் இருக்கிறது. செல்பேசியில் பாக்கெட் கிழித்தவர் கடைக்குப் போய், நிஜ அட்டை வாங்கி, எதிராளியோடு மேசையில் உட்காருவாரா?

இந்தக் கேள்விக்கான பெரிய சோதனை 2016 ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. தெருவில் நடந்து போக்கிமான் என்னும் கற்பனை உயிரிகளைப் பிடிக்கும் ‘போக்கிமான் கோ’ செல்பேசி விளையாட்டு அப்போது வந்தது. போக்கிமானில் உரிமைப் பங்குள்ள நிண்டெண்டோ நிறுவனத்தின் பங்கு விலை இரண்டே வாரத்தில் இரட்டிப்பானது. ‘எங்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை’ என்று நிறுவனமே விளக்கம் தந்ததும், ஜூலை 25 அன்று ஒரே நாளில் சுமார் 18% சரிந்தது.

லாபம் வேறு வழியில் வரும் என்றவர்களுக்குச் சான்றும் கிடைத்தது. நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ், அந்த ஜூலையில் அமெரிக்காவில் முந்தைய ஆண்டு ஜூலையைவிட 80% கூடுதலாக விற்றது. நவம்பரில் அந்தக் கருவிக்கான புதிய போக்கிமான் விளையாட்டுகள் ‘சன்’, ‘மூன்’ வந்தன. இரண்டும் சேர்ந்து 1.6 கோடிக்குச் சற்று மேல் விற்றன. ஆனால், 2013இல் வந்த ‘எக்ஸ்’, ‘ஒய்’ ஜோடியும் ஏறக்குறைய அவ்வளவே விற்றிருந்தது!

அப்படியானால் ‘கோ’வால் பயனே இல்லையா? அவசரப்படக் கூடாது. 3டிஎஸ் 2011இல் வந்த பழைய கருவி. ‘கோ’ இல்லாமல் போயிருந்தால் விற்பனை இன்னும் குறைந்திருக்கலாம். நடக்காத ஒன்றை எண்ணிப் பார்க்க முடியாது என்பதுதான் இங்கே சிக்கல். இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கோ’ தொடக்கத்தில் காட்டியவை 1996ஆம் ஆண்டின் முதல் 151 உயிரிகளோடு நின்றன. அதனால் வந்தவர்களில் எத்தனை பேர் புதியவர்கள், எத்தனை பேர் சிறுவயதில் விட்டுப்போய்த் திரும்பியவர்கள் என்று பதிவிறக்கக் கணக்கு சொல்லாது.

‘கோ’ ஆடியவர்களின் நடைப்பழக்கத்தைப் பொறுத்தவரை, முதல் சிக்கலை ஆய்வாளர்கள் ஓரளவு அவிழ்த்தார்கள். ஆடியவர்களை ஆடாதவர்களோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2016 டிசம்பரில் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. ‘கோ’வை நிறுவிய முதல் வாரத்தில் ஆடியவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடுதலாக நடந்தார்கள். ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டார்கள். ஆர்வம் அழைத்து வந்துவிடும். தங்கவைக்க வேறு ஏதோ வேண்டும்.

அந்த ‘வேறு ஏதோ’ என்ன? அடுத்த படியின் உயரம் என்று தோன்றுகிறது. 2018இல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு வந்த ‘லெட்ஸ் கோ’ போக்கிமான் விளையாட்டு ஜோடியில், ‘கோ’வில் பந்து எறிந்து பிடித்த அதே கைப்பழக்கம் போதும். செல்பேசியில் பிடித்தவற்றையும் அதற்குள் கொண்டுபோகலாம். ‘பாக்கெட்’டும் அப்படித்தான். காகித ஆட்டத்தில் 60 அட்டைகள், இதில் 20. அங்கே ஆறு பரிசு அட்டைகளை எடுக்க வேண்டும். இங்கே மூன்று புள்ளிகள் போதும். ஆற்றல் அட்டைக்காக ஏங்க வேண்டாம், ஆற்றல் தானே வந்துவிடும். இதில் பழகியவருக்கு எந்த உயிரி எதற்கு அஞ்சும், எது எதுவாக வளரும் என்பதெல்லாம் ஏற்கெனவே தெரியும். பாதிப் படி ஏறியாயிற்று.

2025 தொடக்கத்தில் காகித அட்டைகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதைச் செல்பேசியின் வெற்றி என்று எண்ணிவிட முடியாது. வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்பவர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள்.

வழிப்போக்கர் திண்ணையில் உட்காருவது நிழலுக்காக. உள்ளேயிருந்து யாராவது ‘வாங்க’ என்றால்தான் வாசற்படி தாண்டுவார். அட்டை விளையாட்டில் அப்படிச் சொல்ல வேண்டியவர், மேசையின் மறுபக்கம் கட்டைக் கலைத்துக்கொண்டிருக்கும் இன்னொரு ஆள்.