செவ்வாயில் ஒரு கதாசிரியர் பெயர்

2021இல் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கிய இடத்திற்கு நாசா ஆக்டேவியா பட்லரின் பெயரைச் சூட்டியது. அவர் அறிவியலாளர் அல்லர். அறிவியல் புனைகதைகள் எழுதிய அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி.

அவர் 1947இல் கலிபோர்னியாவில் பிறந்தார். பிறர் இல்லங்களில் பணிபுரிந்த தாயார், அங்கு ஒதுக்கப்பட்ட பழைய நூல்களை மகளுக்குக் கொண்டுவருவார். அக்காலத்து விண்வெளிக் கதைகளில் கறுப்பின மாந்தரைக் காண்பது அரிது; எதிர்காலத்தில் அவர்களுக்கு இடமே இல்லை போலும்!

1979இல் வெளிவந்த அவரது ‘கிண்ட்ரெட்’ புதினத்தில், 1976இல் வாழும் டானா என்னும் கறுப்பினப் பெண், அடிமைமுறை நிலவிய பழைய மேரிலாந்துப் பண்ணைக்கு இழுக்கப்படுகிறாள். காலப்பொறி எதுவும் கதையில் இல்லை. பண்ணை உடைமையாளரின் மகனை அவள் மீண்டும் மீண்டும் காப்பாற்ற வேண்டும். அவன் அவளுடைய மூதாதை. அவன் இளமையில் மாண்டால் அவள் பிறந்திருக்கவே மாட்டாள். இறுதியாகத் தன் காலத்திற்குத் திரும்புகையில் இடக்கையை இழக்கிறாள்.